தீவன மூட்டையும் மருத்துவர் கையெழுத்தும்

புதுச்சேரிக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் என்றால் தொழிற்பேட்டைதான். கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் மலையடிவார ஊரை யாரும் நினைப்பதில்லை. உழவர்கரை நகராட்சிக்குள், பிப்டிக் நிறுவனம் மனை பிரித்துக் கொடுத்த ஆலைக் கூடங்களும் லாரி முனையமும் கொண்ட பகுதி அது. அதை ஒட்டிய குரும்பாபேட்டில் 1994-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்று அதன் பெயர் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம். பாண்லே பால் பண்ணையும் அதே வட்டாரத்தில்தான். ஆலை, மருத்துவர், பால் ஆகிய மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த இடத்தில் நின்று, நம் நாட்டுச் சட்டம் சரியாகக் கவனிக்காத ஒரு தொழிலைப் பற்றிப் பேசலாம்: தீவன நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் கால்நடை மருத்துவரின் தொழில்.

கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. முடித்து வருகிறவர்களில் ஒரு பகுதியினர் அரசு மருந்தகத்துக்குப் போகிறார்கள். சிலர் சொந்தமாகக் கிளினிக் வைக்கிறார்கள். அரசுப் பணியிடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மீதிப் பேர் மருந்து, தடுப்பூசி, தீவன நிறுவனங்களுக்குப் போகிறார்கள். நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைகளும் பல்லடத்தின் கறிக்கோழிப் பண்ணைகளும் இன்றைய அளவுக்கு வளர்ந்ததில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆலைக்குள் தீவனக் கலவையைக் கணக்கிடுவது ஒரு வகை வேலை. பண்ணை பண்ணையாகப் போய் ஆலோசனை சொல்வது இன்னொரு வகை. 'டெக்னிக்கல் சர்வீஸ்' என்பது அதற்கு நிறுவனங்கள் வைத்திருக்கும் பெயர். சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான் வருகிறது.

அது எப்படி வருகிறது என்று ஒரு மாட்டுக் கொட்டிலில் பார்ப்போம். இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் ஒரு பெண், "சார், மூணு நாளா பால் கொறஞ்சிருக்கு. கலப்புத் தீவனம் மாத்தின அன்னியிலேர்ந்துதான்" என்கிறார். வந்தவர் மருத்துவர், தோள்பையில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருக்கிறது. சாணத்தைப் பார்க்கிறார், மடியை அழுத்திப் பார்க்கிறார், முதல் பீச்சுப் பாலை உள்ளங்கையில் வாங்கித் திரி திரியாக வருகிறதா என்று பார்க்கிறார். "மடிநோய் மாதிரி தெரியலம்மா. தீவனத்துல ஒண்ணுமில்ல. தாது உப்பு கூடக் கொஞ்சம் போடுங்க" என்கிறார். அந்த வாக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொன்னது யார்? அந்த மாட்டின் மருத்துவரா, மூட்டையை விற்ற நிறுவனத்தின் ஊழியரா? இரண்டும் ஒரே ஆள்தான். அந்த அம்மா "டாக்டர் சொன்னார்" என்று நம்பித் தீவனத்தைத் தொடருவார். ஒருவேளை அந்த மூட்டையில் பூஞ்சை நச்சு இருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் படிப்பு உள்ள ஒரே ஆள், கண்டுபிடித்தால் தன் முதலாளிக்கு நட்டம் வரவழைக்கும் ஆளாகவும் இருக்கிறார்.

அந்த மருத்துவரின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. இந்தத் துறையில் மனசாட்சியோடு உழைக்கிறவர்கள் நிறைய. அவர்கள் தனியாக நிற்கும் அந்த இடத்தில் சட்டம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை என்பதே என் குறை.

சட்டம் என்ன சொல்கிறது? 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம்தான் இதில் அடிப்படை. கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 15-ஆம் இனம். அதனால் நாடாளுமன்றம் தானாக இச்சட்டத்தைக் கொண்டுவர முடியவில்லை. பீகார், அரியானா, இமாச்சலப் பிரதேசம், ஒடிசா, ராஜஸ்தான் ஆகிய மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்ட பிறகு, 252-ஆம் பிரிவின் வழியாகத்தான் அது பிறந்தது. அந்த ஐந்து மாநிலங்களோடு எல்லா ஒன்றியப் பகுதிகளுக்கும் முதலிலேயே பொருந்தும்படி அது எழுதப்பட்டது. மற்ற மாநிலங்கள் பின்னால் ஏற்றுக்கொண்டு சேர வேண்டியிருந்தது. புதுச்சேரி தொடக்கத்திலேயே உள்ளே இருந்தது.

அச்சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பதிவு பெற்றவர் மட்டுமே செய்யத்தக்க வேலைகளைச் சொல்கிறது: கால்நடை மருத்துவம் பார்ப்பது, உடல்நலச் சான்றில் கையெழுத்திடுவது, அரசு அமைப்புகளில் மருத்துவராகப் பதவி வகிப்பது, நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொல்வது. தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்ற சிறு பணிகளை, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் கால்நடை உதவியாளர்கள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். கவுன்சில் 1992-இல் கொண்டுவந்த நடத்தை விதிகளும் இருக்கின்றன. இவை எல்லாம் மருத்துவரைத் தனிமனிதராகப் பார்க்கின்றன. இவருக்குப் பட்டம் இருக்கிறதா, பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, ஒழுக்கமாக நடந்தாரா என்று கேட்கின்றன. அவருடைய முதலாளி யார், அந்த முதலாளி எதை விற்கிறார் என்ற கேள்வி 30-ஆம் பிரிவில் இல்லை.

தீவனத்தின் பக்கம் போனால் நிலைமை இன்னும் தளர்வு. 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் புண்ணாக்கு, அடர்தீவனம் உட்பட மாட்டுத் தீவனத்தைத் தன் முதல் பட்டியலிலேயே வைத்திருந்தது. அந்த அதிகாரத்தை வைத்துத்தான் பஞ்சாப் போன்ற மாநிலங்கள் தீவனத் தரக் கட்டுப்பாட்டு ஆணைகளைப் பிறப்பித்தன. 2006-இல் சட்டத்தைத் திருத்திப் புதிய அட்டவணை கொண்டுவந்தபோது தீவனம் பட்டியலிலிருந்து நீங்கி, தீவனப் பயிர் விதை மட்டும் மிஞ்சியது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2052 என்ற தரநிலை கறவை மாட்டுக் கலப்புத் தீவனத்துக்கு உண்டு. அதன் 2009 பதிப்பில் ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது, அஃப்ளடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் தரநிலை வேறு, அதைக் கட்டாயமாக்கும் சட்டம் வேறு.

அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நச்சு என்று தெரிந்தது. கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு ஆகியவற்றில் ஈரம் ஏறினால் இந்தப் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும் நம் கடலோரத்தில் கிடங்கில் மூட்டை அடுக்குகிற எவருக்கும் இது தெரிந்த தொல்லை. மாடு தின்ற பி1 நச்சு அதன் ஈரலில் எம்1 ஆக மாறி, ஒரு நாளுக்குள் பாலில் இறங்கிவிடும். பாலைக் காய்ச்சினாலும் பதப்படுத்தினாலும் போகாது. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தேறிவிடும். ஆகவே, தீவனத்தைச் சந்தேகித்து நிறுத்தச் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை, உரிய நாளில் உரியவர் வாயிலிருந்து வருவதுதான் பால் குடிக்கும் குழந்தைக்குப் பாதுகாப்பு.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. கலப்படத்தைவிட அஃப்ளடாக்சின் எம்1 பெரிய பிரச்சினையாகத் தெரிய வந்தது: 5.7 விழுக்காடு மாதிரிகளில் அனுமதித்த அளவுக்கு மேல். தமிழ்நாடு, தில்லி, கேரளம் ஆகிய மூன்றிலும் அது மிகுதி. தமிழ்நாட்டில் 551 மாதிரிகளில் 88. நச்சு தீவனம் வழியாக வருகிறது என்றும், நாட்டில் தீவனத்துக்கு ஒழுங்குமுறை இல்லை என்றும் ஆணையமே அப்போது ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டின் இறுதியில், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கான வணிகத் தீவனம் ஐ.எஸ். தரத்துக்கு இணங்கி முத்திரை தாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அமலாகும் தேதி பின்னர் தள்ளிப்போனது.

மருந்து மூன்றாவது பக்கம். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 'மருந்து' என்னும்போது விலங்கு மருந்தையும் சேர்த்தே சொல்கிறது. விலங்குக்கு எழுதும் மருந்துச் சீட்டில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. 2012 ஜனவரியில் ஒரு நல்ல திருத்தம் வந்தது: மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் பால், முட்டை, இறைச்சியை விற்கக்கூடாது என்று புட்டியில் எழுத வேண்டும், அந்தக் கால அளவு குறிக்கப்படாத மருந்தானால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். ஆனால் அதே மருந்துப் பொருள் 'தீவனச் சேர்க்கை' என்ற பெயரில் பொடியாகக் கலவைக்குள் போகும்போது சீட்டும் இல்லை, நாள் கணக்கும் இல்லை. கோலிஸ்டின் கதை இதற்குச் சான்று. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத தொற்றுக்கு மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. அதை எதிர்த்து நிற்கும் எம்.சி.ஆர்-1 மரபணு சீனாவில் பன்றிகளிலும் மனிதரிலும் பரவியிருப்பதை 2015-இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். நம் நாட்டில் கோழி எடை கூடவென்று அது தீவனத்தில் கலந்து விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. 2019 ஜூலை 19-இல்தான் ஒன்றிய சுகாதார அமைச்சகம் உணவு விலங்குகளுக்கும் தீவனச் சேர்க்கைகளுக்கும் அதைத் தடை செய்தது.

மருத்துவருக்கு ஒரு சட்டம், மருந்துக்கு ஒரு சட்டம், தீவனத்துக்கு அரைகுறை ஆணைகள். இவை சந்திக்கும் புள்ளியில்தான் நிறுவன மருத்துவர் நிற்கிறார். அந்தப் புள்ளியை எந்தச் சட்டமும் பேசவில்லை.

வெளிநாடுகள் இதை எப்படி அணுகின என்பதில் டென்மார்க்கைத்தான் முதலில் சொல்வேன். அங்கே மருத்துவர்களே மருந்தை விற்று லாபம் பார்த்துவந்தார்கள். 1990-களின் நடுவில் அந்த லாபத்துக்கு அரசு உச்சவரம்பு போட்டது; மருந்து விற்பனை வருமானத்திலிருந்து மருத்துவர் விலகி, பண்ணையைத் தொடர்ந்து பார்வையிடும் ஒப்பந்தத்துக்குக் கூலி வாங்கும் முறை வளர்ந்தது. பண்ணைகளில் சிகிச்சைக்கு எழுதப்படும் நுண்ணுயிர்க்கொல்லி அளவு உடனடியாகக் குறைந்தது. மருத்துவர்கள் ஒரே இரவில் நல்லவர்களாகவில்லை. வருமானம் வரும் திசை மாறியது, அவ்வளவே.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 2017 ஜனவரி முதல், மனித மருத்துவத்துக்கு முக்கியமான நுண்ணுயிர்க்கொல்லியைத் தீவனத்தில் கலக்க, உரிமம் பெற்ற கால்நடை மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஆணை வேண்டும். ஆணை ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. மருத்துவர், பண்ணையாளர், தீவன விற்பனையாளர் மூவரும் நகலை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். மிக முக்கியமாக, அந்த மருத்துவருக்கும் பண்ணைக்கும் உண்மையான மருத்துவ உறவு இருக்க வேண்டும். விலங்கைப் பார்க்காமல் அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்திட முடியாது. அந்த உறவு எது என்று வரையறுப்பதில் மாநிலச் சட்டங்களுக்கும் இடம் இருக்கிறது. டெக்சஸ் இன்னும் ஒரு படி மேலே போய், நிறுவனம் கால்நடை மருத்துவம் நடத்த வேண்டுமானால் அதன் பங்குதாரர் ஒவ்வொருவரும் உரிமம் பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும் என்கிறது. அந்த அளவுக்குப் போவது நமக்குத் தேவையில்லை. போனால் கெடுதல் என்றே நினைக்கிறேன்.

காரணம் நம் கூட்டுறவு வரலாறு. 1964 அக்டோபர் 31-இல் லால் பகதூர் சாஸ்திரி குஜராத்தின் கஞ்சாரியில் திறந்துவைத்தது ஒரு மாட்டுத் தீவன ஆலை. அமுலுக்குச் சொந்தமானது. அந்தப் பயணத்தில் கிராமத்தில் இரவு தங்கி அவர் கண்டதிலிருந்துதான் அடுத்த ஆண்டு தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பிறந்தது. பாலை வாங்குவதும், தீவனத்தை விற்பதும், மாட்டுக்கு மருத்துவரை அனுப்புவதும் அந்த மாதிரியில் ஒரே சங்கத்தின் வேலை. மருத்துவரின் முதலாளி தீவனம் விற்பவர்தான், ஆனால் அந்த முதலாளி மாட்டுக்காரர்களே. தீவனம் கெட்டால் சங்கத்தின் பால் கெடும். மறைப்பதில் சங்கத்துக்கு ஆதாயம் குறைவு. தனியார் நிறுவனத்தில் இந்தப் பிணைப்பு இல்லை. ஆகவே மருத்துவர் தீவன விற்பனையாளரிடம் வேலை பார்ப்பதையே தடுக்கும் சட்டம் நம் சிறு விவசாயிக்குக் கிடைக்கும் கொஞ்ச நஞ்ச மருத்துவ உதவியையும் பறித்துவிடும்.

அப்படியானால் மாநிலம் எதை எழுதலாம்? இங்கே ஒரு சட்ட நுணுக்கம் வழி காட்டுகிறது. 252-ஆம் பிரிவின் வழியாக நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை, அதை ஏற்றுக்கொண்ட மாநிலச் சட்டமன்றம் திருத்த முடியாது. புதுச்சேரிக்கு வேறு ஏற்பாடு: 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் ஆட்சிச் சட்டப்படி அதன் பேரவை மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் இரண்டிலும் சட்டம் இயற்றலாம், ஆனால் நாடாளுமன்றச் சட்டத்தோடு முரண்பட்டால் பொதுவாக நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். ஆக, யார் கால்நடை மருத்துவர், அவர் எப்படி நடக்க வேண்டும் என்பதைத் தொடுவது கடினம். ஆனால் தீவனம் பொதுப் பட்டியலின் 33-ஆம் இனத்தில், புண்ணாக்கு, அடர்தீவனம் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. மருத்துவரைத் தொடாமல் தீவன உரிமத்தின் வழியாகப் போகலாம். நிபந்தனைகளை நிறுவனத்தின் தலையில் வைக்க வேண்டும், மருத்துவரின் தலையில் அல்ல.

அந்த உரிமத்தில் நான் பார்க்க விரும்புவது இதுதான். ஆலையில் கலவைக்குப் பொறுப்பேற்கும் தகுதியுள்ள ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். மருந்து கலந்த தீவனம் அவர் கையெழுத்தில்லாமல் ஆலையை விட்டு வெளியேறக்கூடாது. மருந்து ஆலைகளுக்கு இது பழைய விதி, தீவன ஆலைக்குப் புதிதாக இருக்கலாம். பண்ணைக்கு வரும் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு ஆலோசனைத் தாளிலும் அவரது பதிவு எண்ணோடு அவருக்குச் சம்பளம் தரும் நிறுவனத்தின் பெயரும் தமிழில் இருக்க வேண்டும். தன் நிறுவனம் விற்கும் மருந்துக்கு அவரே சீட்டு எழுதக்கூடாது. அரசு மருந்தகத்துக்கோ வேறு மருத்துவரிடமோ அனுப்பட்டும். அவருடைய ஊக்கத்தொகை விற்ற மூட்டைக் கணக்கோடு இணைந்திருக்கக்கூடாது. கடைசி நிபந்தனையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்: தீவனத்தில் நச்சு இருக்கிறது என்று சந்தேகித்து மாதிரி எடுத்து அரசுக்கு அனுப்பிய மருத்துவரை நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைக் காட்டி மிரட்டவோ முடியாது என்று உரிமத்தில் எழுதியிருக்க வேண்டும். மீறினால் உரிமம் போகும். சோதிக்க இடம் தேட வேண்டியதில்லை; தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நாமக்கல்லில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஆய்வகம் நடத்துகிறது.

"இப்படியெல்லாம் கட்டினால் நிறுவனங்கள் மருத்துவரையே வைத்துக்கொள்ளாது, பட்டம் இல்லாத விற்பனை ஆளை அனுப்பிவிடும்" என்று துறைக்குள் இருப்பவர்கள் சொல்வார்கள். நியாயமான அச்சம். இன்றும் பல ஊர்களில் டீலர் கடையில் நிற்கும் பையன்தான் "இந்தப் பொடியைப் போடுங்கண்ணே, கழிச்சல் நின்னுரும்" என்கிறான். அதனால்தான் நிபந்தனைகள் நிறுவனத்தின் மேல் இருக்க வேண்டும் என்கிறேன். நோய் கண்ட விலங்குக்கு நிறுவனத்தின் சார்பில் யார் ஆலோசனை சொன்னாலும் அது உரிமதாரரின் வாக்காகக் கணக்கிடப்படட்டும். பதிவில்லாதவர் மருத்துவம் பார்ப்பது 30-ஆம் பிரிவின்படி ஏற்கெனவே தடைசெய்யப்பட்டதுதான். அதற்கு உரிமம் பறிபோகும் என்ற நிலை வந்தால், மருத்துவரை வைத்திருப்பதே நிறுவனத்துக்கு லாபமாகும்.

புதுச்சேரி இதைத் தள்ளிப்போட முடியாததற்கு அதன் நில அமைப்பும் ஒரு காரணம். ஆந்திரப் பிரதேசம் 2020-இல் கால்நடைத் தீவனத்தின் உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, விற்பனை, விநியோகம் அனைத்தையும் ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டம் இயற்றியது. கேரளத்தில் கால்நடை, கோழித் தீவனம், தாது உப்புக் கலவை ஆகியவற்றுக்கான மசோதா 2022-இல் சட்டப்பேரவைக்கு வந்தது. ஏனாம் ஆந்திர நிலத்தால் சூழப்பட்டது, மாகே கேரளத்தால். காரைக்காலும் புதுச்சேரியும் தமிழ்நாட்டுக்குள். ஒரே ஒன்றியப் பகுதியின் நான்கு துண்டுகள் மூன்று மாநிலங்களின் தீவனச் சந்தையில் கிடக்கின்றன. ஆந்திரத்தில் உரிமம் இல்லாமல் விற்க முடியாத மூட்டைக்கு ஏனாம் கிடங்காகிவிடக் கூடாது என்றால், புதுச்சேரிப் பேரவை குறைந்தபட்சம் அண்டை மாநிலத்துக்கு நிகரான உரிம முறையை எழுதியாக வேண்டும். எழுதும்போது ஆந்திரச் சட்டத்தை அப்படியே படியெடுக்காமல், மேலே சொன்ன மருத்துவர் பாதுகாப்பைச் சேர்த்து எழுதலாம். வரைவைப் படித்துக் குறை சொல்லக்கூடிய கால்நடை உணவியல் ஆசிரியர்கள் குரும்பாபேட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் படித்துவிட்டு நிறுவனங்களில் வேலை பார்க்கும் மருத்துவர்களையும் அழைத்து, பெயர் வெளிவராமல் அவர்கள் அனுபவத்தைப் பதிவு செய்வதிலிருந்து கால்நடை பராமரிப்புத் துறை தொடங்கலாம்.